படங்களை அழித்துவிட்டுப் போகாதீர்கள்

புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவகத்தின் எந்த ஊரை எடுத்தாலும், கனடாவிலோ பிரான்சிலோ சுவிசிலோ லண்டனிலோ பிள்ளை ஒன்று இருக்கும் குடும்பங்கள் பல உண்டு. பேரப்பிள்ளை பிறந்தால், மகளுக்குக் கலியாணம் என்றால், விசா கிடைத்த தாய் முதன்முறையாக விமானம் ஏறப் புறப்படுகிறார். விசாப் பத்திரம் பற்றியும் ரிக்கெற் காசு பற்றியும் வீட்டில் மாதக்கணக்காகப் பேசுவார்கள். கையில் கொண்டுபோகும் போன் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் விமான நிலையத்தில் தாய்மார் அதிகம் தடுமாறுவது அந்தப் போனால்தான்.

வேலணைப் பக்கத்துத் தாய் ஒருவர் பயணத்துக்கு முதல் நாள் இரவு தனது போனில் இருந்த படங்களை எல்லாம் அழித்தார். காணாமற்போன மகனின் படமும் அதில் இருந்தது. இடப்பெயர்வில் அல்பம் தொலைந்தபின், உறவினர் ஒருவரிடம் இருந்த பழைய படத்தைப் பார்த்துப் போனில் எடுத்த பிரதி அது. அந்தப் பழைய படமும் பின்னர் பழுதாகிவிட்டது. “எயாப்போட்டில போனைத் திறந்து பாப்பினம், படத்தைக் கண்டால் விடாயினம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துவிட்டார். விமான நிலையத்தில் அவரிடம் எவரும் படம் பார்க்கக் கேட்கவில்லை. போனை ஒருமுறை ஒளிரவைத்துக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பயம் வெறும் அறியாமையால் வந்ததல்ல. 1990களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது ரோச் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் கடற்படையினர் அடையாள அட்டையைப் பார்த்துப் பையைக் கிளறிய நாட்களும் மறக்கவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் முகநூலில் படங்களைப் பகிர்ந்ததற்காகத் தமிழர் சிலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டதையும் அறிவோம். ஆகவே சீருடைக்காரர் ஒருவர் “போனைக் காட்டுங்கள்” என்றால் எமது பெண்களுக்குக் கை நடுங்குவது இயல்பு. ஆனால் விமானப் பயணத்தில் போனைக் கேட்பவர்கள் இரண்டு வகையினர். அவர்கள் கேட்கும் கேள்விகளும் இரண்டு. அந்த வித்தியாசம் தெரிந்தால் பயம் பாதி குறையும்.

முதலாவது கேள்வி: “இது வேலை செய்கிறதா?”

விமானத்தில் ஏறுமுன் பைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் விடும் பாதுகாப்பு அலுவலர் கேட்பது இதுதான். உங்கள் படமோ செய்தியோ அவருக்குத் தேவையில்லை. போனுக்குள் போன்தான் இருக்கிறதா என்பதே அவருடைய கவலை.

அதற்குக் காரணம் உண்டு. 1988 டிசம்பர் 21ஆம் திகதி லண்டனிலிருந்து நியூயோர்க் சென்ற பான் ஆம் விமானம் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் தரையில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். குண்டு ஒரு சூட்கேசில், ரேடியோ கசற் பெட்டி ஒன்றுக்குள் வைக்கப்பட்டிருந்தது. மின்கருவி ஒன்றின் உள்ளே பற்றறிக்குப் பதிலாக வேறு எதையும் மறைக்கலாம் என்ற அச்சம் அன்று தொடக்கம் இருக்கிறது. 2014 ஜூலையில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் தங்கள் நாட்டுக்கு வரும் விமானங்களில் ஏறுவோரிடம் போன், மடிக்கணினி போன்றவற்றை ஒளிரவைத்துக் காட்டச் சொல்லலாம் என்று அறிவித்தன. ஒளிராத கருவியை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இது எமக்கு ஏன் முக்கியம்? நெடுந்தீவிலிருந்து புறப்படும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். படகில் ஒரு மணித்தியாலம், குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ், அங்கிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு, பிறகு கட்டுநாயக்கா. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டாலும், அங்கிருந்து விமானங்கள் தமிழ்நாட்டுக்கே பறக்கின்றன. கனடாவுக்குப் போகிறவர் டோகாவிலோ டுபாயிலோ விமானம் மாறவேண்டும், அங்கும் சோதனை உண்டு. வழிநெடுக மகனோடும் மகளோடும் பேசிக்கொண்டு போனால் அங்கு போய்ச் சேரும்போது போன் செத்துப்போயிருக்கும். எனவே சார்ஜர் வயரைக் கைப்பையிலேயே வையுங்கள். விமானம் மாறும் இடத்தில் முதல் வேலையாகப் போனைச் சார்ஜில் போடுங்கள்.

எக்ஸ்ரே இயந்திரம் படங்களை அழித்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். அழிக்காது. போனில் உள்ள படத்துக்கோ, பழைய கசற்றில் உள்ள குரலுக்கோ அதனால் கெடுதல் இல்லை. கழுவாத பிலிம் சுருள் மட்டும் பழுதாகலாம். அதைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள்.

உடலில் செல் துண்டோ, எலும்பில் உலோகத் தகடோ உள்ள சகோதரிகள் வாசலைக் கடக்கும்போது மணி அடிக்கும். வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்திருங்கள். கையால் சோதிப்பதென்றால் பெண் அலுவலரை, மறைவான இடத்தில் என்று கேட்கலாம்.

பவர் பாங்க் எங்கே?

போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்கைப் பெரிய பொதிக்குள் போடக்கூடாது, கைப்பையில்தான் வைக்கவேண்டும். லிதியம் பற்றறி சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. பயணிகள் இருக்கும் பகுதியில் பிடித்தால் பணியாளர் அணைப்பார்கள், பொதிகளுக்குள் பிடித்தால் கை எட்டாது. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவில் பூசான் நகர விமான நிலையத்தில் புறப்பட நின்ற எயார் பூசான் விமானம் எரிந்தது. பவர் பாங்க் ஒன்றே காரணமாக இருக்கலாம் என விசாரணையாளர்கள் கூறினர். அதிலிருந்த 176 பேரும் உயிர் தப்பினர். 2025 ஒக்டோபரிலிருந்து எமிரேட்ஸ் விமானங்களில் ஒருவர் ஒரு பவர் பாங்க் மட்டுமே கொண்டுபோகலாம். அதை விமானத்துக்குள் பாவிக்கவும் முடியாது.

பொதுவான எல்லை 100 வாற் மணி. 20,000 என்று எழுதியிருக்கும் பவர் பாங்க் ஏறக்குறைய 74 வாற் மணி. 27,000 என்றால் எல்லையைத் தொட்டுவிடும். எழுத்து அழிந்துபோன பழையதை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

இன்னொன்று. “இந்தப் போனை என்ரை மகனிட்டைக் குடுத்துவிடுங்கோ” என்று அயலவர் தந்தால் வாங்காதீர்கள். புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் என்றாலும் நீங்களே திறந்து பார்த்துக் கட்டுங்கள். “பொதியை நீங்களே கட்டினீர்களா?” என்ற கேள்விக்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி: “இதற்குள் என்ன இருக்கிறது?”

இதைக் கேட்பவர் நீங்கள் போய் இறங்கும் நாட்டின் எல்லை அலுவலர். எல்லோரிடமும் கேட்பதில்லை. கேட்டால் அது வேறு சட்டம். கனடாவில் சுங்கச் சட்டத்தின் கீழ் அலுவலர்கள் போனைப் பார்க்கலாம், திறக்கும் இரகசிய இலக்கத்தையும் கேட்கலாம். பார்ப்பதற்கு முன் போனை வெளித்தொடர்பு இல்லாதபடி விமான நிலைக்கு மாற்றவேண்டும் என்பது அவர்களின் நடைமுறை. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி சந்தேகம் இல்லாமலே ஒருவரை 6 மணித்தியாலம் வரை தடுத்து விசாரிக்கலாம். இரகசிய இலக்கத்தை மறுப்பது குற்றமாகும்.

பார்க்க வந்தவர் உண்மையில் பார்க்கத்தான் வந்தாரா என்று அறியவும் செய்திகளைப் பார்ப்பதுண்டு. வாயால் சொல்வதும் போனில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். கேள்வி விளங்காவிட்டால் தலையாட்டவேண்டாம். “தமில், இன்ரப்பிரற்றர் பிளீஸ்” என்று கேளுங்கள். இந்தச் சொற்களைப் பயணத்துக்கு முன் மகளோடு பழகிப் பாருங்கள்.

அழிப்பதற்குப் பதிலாக

சில படங்களைப் போனில் கொண்டுபோக உங்களுக்கு மனமில்லாமல் இருக்கலாம். அது உங்கள் விருப்பம். ஆனால் அழிப்பதற்கு முன் பிரதி எடுங்கள். ஒன்றைக் கடையில் கழுவி வீட்டில் வையுங்கள். ஒன்றை நம்பிக்கையான பிள்ளை ஒருவரிடம் கொடுங்கள். காணாமற்போனவரின் முறைப்பாட்டுக் கடிதங்கள், பொலிஸ் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் தாள் என்பவற்றையும் அப்படியே பிரதி எடுங்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. எந்த விசாரணையிலும் அந்த முகமும் அந்தத் தாள்களும்தான் உங்கள் பக்கச் சாட்சி.

ஏற்கனவே அழித்துவிட்டீர்கள் என்றால் மனம் தளரவேண்டாம். பல போன்களில் அழித்த படங்கள் சுமார் 30 நாட்கள் குப்பைக்கூடை என்ற பகுதியில் கிடக்கும். அந்த நாட்களுக்குள் போன் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் மீட்கலாம்.

விதிகள் மாறக்கூடியவை. 2017 மார்ச்சில் டோகா, டுபாய் உட்பட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா செல்வோர் மடிக்கணினியைக் கையில் கொண்டுபோகத் தடை வந்தது. ஜூலைக்குள் அது நீக்கப்பட்டது. ஆகவே ரிக்கெற் எடுத்த இடத்தில் புறப்படும் வாரத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் சேமிப்புப் பணம் எண்ணி முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்கினால், போனில் உள்ள படங்களைப் பிரதி எடுக்கும் வேலையை எல்லோருமாகச் செய்யலாம். சங்கத்தில் படித்த பிள்ளை ஒருத்தி கட்டாயம் இருப்பாள். பயணம் போகிறவர்கள் மட்டுமல்ல, போகாதவர்களும் செய்யவேண்டிய வேலை இது. போன் கடலில் விழுந்தாலும், களவுபோனாலும், பழுதானாலும் அந்த முகம் வீட்டில் இருக்கும்.