வந்து போகும் பக்கவாதம்

"காலையில கை, கால் விழுந்துட்டு, சாயங்காலம் எந்திரிச்சு நடக்கா." தூத்துக்குடி மாவட்டம் பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பக்கம் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால், 'காத்துச் சேட்டை' என்பார்கள், இல்லையென்றால் 'நடிப்பு' என்பார்கள். இரண்டும் இல்லாமல் அது ஒரு நோயாகவும் இருக்கலாம். அதன் பெயர் ஹெமிப்ளீஜிக் மைக்ரேன். பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் அபூர்வமான ஒற்றைத் தலைவலி இது.

எப்படித் தெரியும்?

கண்முன் மினுமினுப்பு, விரல் நுனியில் மரமரப்பு, வாய்க் குழறல், பிறகு ஒரு பக்கக் கை, காலில் பலமின்மை. இவை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லப் பரவும். தலைவலி முன்னோ பின்னோ வரலாம். பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் பலம் திரும்பிவிடும். சிலருக்கு வாரக்கணக்கிலும் நீளும். பொதுவாகச் சிறு வயதிலோ இளமையிலோ தொடங்கும்.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. அது கடந்த இடம் சற்று நேரம் அடங்கிக் கிடக்கும். இந்த அலையைப் பிரேசில் நாட்டு விஞ்ஞானி லியாவோ 1944இல் விவரித்தார். சில குடும்பங்களில் இந்நோய் மரபணு வழியே வருகிறது; தாய் தந்தையரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால், அது பிள்ளைக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு.

எது தூண்டும்?

தூக்கக் குறைவு, பட்டினி, மன அழுத்தம், கண் கூசும் வெளிச்சம், தலையில் படும் லேசான அடி. உப்பளத்து வெயிலில் நிற்பவர்களும், பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவுக்குக் கண்விழிப்பவர்களும், ஏற்கெனவே இந்நோய் இருந்தால் நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கத்தைத் தவறவிடக் கூடாது.

முதலில் 108

முதல் முறை கை, கால் விழுந்தால் அதைப் பக்கவாதம் என்றே எண்ணி 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மந்திரித்துப் பார்த்துவிட்டுப் போவோம் என்று காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவும். பலம் தானே திரும்பினாலும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வரப்போகும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பும் அப்படித்தான் வந்து போகும். ஸ்கேனாலும் நரம்பியல் மருத்துவராலும்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும்.

கடை மாத்திரை வேண்டாம்

சாதாரண மைக்ரேனுக்குத் தரும் எர்கோட்டமைன், டிரிப்டான் வகை மாத்திரைகளை இந்நோயாளிகளுக்குப் பொதுவாகத் தருவதில்லை. அவை ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அடுத்தவர் சீட்டைக் காட்டி வாங்கி விழுங்காதீர்கள். தாக்குதலைக் குறைக்க வேறு மருந்துகள் இருக்கின்றன.

வந்த நாள், நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்; முடிந்தால் செல்போனில் படமெடுங்கள். கை, கால் சரியான பிறகு மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.