ஓர் இனம் என்று நினைத்தது ஐந்து

கலிபோர்னியாவில் மணற்பாங்கான இடங்களைக் கிளறினால் சில சமயம் பென்சில் தடிமனில் பளபளப்பாக ஒன்று நெளியும். பாம்பு என்றுதான் யாரும் விலகுவார்கள். ஆனால் அது கண்ணை மூடித் திறக்கும். பாம்புக்கு ஏது இமை? வாலைப் பிடித்தால் வாலை மட்டும் கையில் விட்டுவிட்டு மணலுக்குள் புகுந்துவிடும். இது அன்னியெல்லா என்ற காலில்லாப் பல்லி.

பல்லியா பாம்பா என்று சொல்லிவிடலாம். எந்த இனத்துப் பல்லி என்பதில்தான் சிக்கல். மண்ணுக்குள் வாழும் உடல்கள் ஒரே அச்சில் வந்து நின்றுவிடுகின்றன. பல்லி வம்சத்தில் கால்கள் மறைந்தது ஒரு முறையல்ல, இருபது முறைக்கும் மேல், தனித்தனியாக. கலிபோர்னியாவில் இருப்பது ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன.

ஆய்வாளர்கள் தியோடர் பேப்பன்ஃபஸ், ஜேம்ஸ் பார்ஹம் இருவரும் விடையை மரபணுவில் தேடினார்கள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே வருவது. ஆண் பல்லிகள் இடம் மாறிக் கலந்திருந்தால் அதில் தெரியாது. அதனால் உட்கருவின் மரபணுக்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். 2009இல் ஐந்து தனி வம்சாவளிகள் தெரிந்தன. அதோடு பெயர் வைத்துவிடவில்லை. அது சரியான நிதானம். செதில்களையும் முதுகெலும்புக் கணுக்களையும் எண்ணி, நிறத்தையும் ஒப்பிட்டு, 2013இல்தான் நான்கு புதிய இனங்களை அறிவித்தார்கள். உயிரோடு பார்த்தால் ஒன்றின் அடிவயிறு ஊதா, இன்னொன்றுடையது வெளிர் சாம்பல். முன்பே பிடித்து ஆல்கஹாலில் போட்டுவைத்தவற்றில் அந்த நிறம் போய்விட்டிருந்தது. அருங்காட்சியகக் குடுவைக்குள் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

நிறத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். மான்டரே விரிகுடாக் கரையில் கன்னங்கரேலென்று ஒரு வகை உண்டு. அதைத் தனிப் பிரிவாகவே வைத்திருந்தார்கள். மோரோ விரிகுடாவிலும் கறுப்புப் பல்லி உண்டு. இரண்டு இடத்திலும் கறுப்பு தனித்தனியாகத் தோன்றியது என்று 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. மரபணுப்படி அவை பக்கத்திலிருக்கும் சாதாரணப் பல்லிகளின் உறவுதான். மாறாக, பழைய இனத்தைப் போலவே மஞ்சள் வயிறுள்ள தெற்குப் பல்லி வேறு இனமாக நின்றது. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலைய ஓடுபாதையை அடுத்த மணல்மேட்டில் கிடைத்த அதற்கு, ஊர்வன அறிஞர் ராபர்ட் ஸ்டெபின்ஸின் பெயர் சூட்டினார்கள். அவர் 98 வயதில் மறைந்ததும் பெயர் சூட்டிய அதே மாதத்தில்தான்.

புதிய இனங்களில் இன்னொன்றான ஊதா வயிற்றுக் கிரின்னல் பல்லி பேக்கர்ஸ்ஃபீல்டு நகர நடுவில் ஒரு காலி மனையில் அகப்பட்டது. ஒரே இனம் என்றிருந்தவரை, இங்கே அழிந்தால் என்ன, வேறெங்காவது இருக்குமே என்று விட்டுவிடலாம். இனி முடியாது. சான் வாக்கின் பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதியையும் அதை ஒட்டிய நிலத்தையும் விட்டால் அதற்கு வேறிடமில்லை. அந்தப் பள்ளத்தாக்கிலோ பெரும்பகுதி வயலாகவும் வீடாகவும் மாறிவிட்டது. எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே வாழும் மற்றொரு புதிய இனமான அலெக்சாண்டர் பல்லிக்கு இருக்கும் இடம் அதைவிடக் குறைவு.