மீண்டெழுந்த அணிகள் - 7: பருத்திக்காரர்கள்

போன வாரம் இத்தாலியின் சுபெர்கா குன்றில் நின்றிருந்தோம். 1949 மே 4-ல் டொரினோ கால்பந்து அணி அங்கே விமான விபத்தில் கிட்டத்தட்ட மொத்தமாக மடிந்தது. மிச்சமிருந்த 4 லீக் ஆட்டங்களுக்கு டொரினோ தன் இளையோர் அணியை இறக்கியது. எதிரணிகளும் தங்கள் இளையோரையே இறக்கி மரியாதை செய்தன என்று பார்த்தோம். முப்பது ஆண்டு கழித்து, அதைவிடப் பெரிய ஒரு கைகொடுத்தலை இன்னொரு நகரம் கண்டது. அந்த நகரம் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட்.

தாஷ்கண்ட் என்றதும் நம்மவர்களுக்கு லால் பகதூர் சாஸ்திரி நினைவுக்கு வருவார். 1966 ஜனவரியில் பாகிஸ்தானுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது அங்கேதான். அதே ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி விடியற்காலையில் நிலநடுக்கம் அந்த நகரத்தைப் புரட்டிப்போட்டது. மற்ற சோவியத் குடியரசுகளிலிருந்து வந்த ஆட்கள்தான் அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வயலிலிருந்து வந்த பெயர்

தாஷ்கண்டின் கால்பந்து கிளப்புக்குப் பெயர் பக்தாகோர். நம் காதில் பக்தி என்பது போல விழும். பொருள் அதுவல்ல. உஸ்பெக் மொழியில் 'பக்தா' என்றால் பருத்தி. பக்தாகோர் என்றால் பருத்தி விளைவிப்பவர்.

சோவியத் நாட்டில் கிளப்புகள் உழைப்பின் பெயரைத் தாங்கி வந்தன. ரயில்வே தொழிலாளர்களுக்கு லோகோமோட்டிவ், உக்ரைன் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஷக்தார், எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்கு நெஃப்ட்சி. உஸ்பெகிஸ்தானுக்குப் பருத்திதான் எல்லாம். 'வெள்ளைத் தங்கம்' என்றே அதைச் சொன்னார்கள். ஏரல் கடலுக்குப் போக வேண்டிய ஆற்று நீரெல்லாம் பருத்தி வயலுக்குத் திரும்பியது. இலையுதிர் காலம் வந்தால் மாணவர்கள்கூடப் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் பஞ்சு எடுக்கப் போக வேண்டும். அந்த மக்களின் குனிந்த முதுகுக்குக் கிடைத்த பெயர் பக்தாகோர். கிளப்பின் சின்னத்தில் வெடித்த பருத்திக் காய் இருப்பது அதனால்தான்.

1956-ல் தொடங்கிய கிளப் 1960-லேயே சோவியத்தின் முதல்நிலை லீக்குக்கு ஏறிவிட்டது. 1962-ல் ஆறாவது இடம். 1968-ல் சோவியத் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய், மாஸ்கோ டார்பிடோவிடம் 0-1 என்று தோற்றது. மத்திய ஆசியாவிலிருந்து அந்த இறுதி ஆட்டத்தை எட்டிய ஒரே அணி இதுதான். முதல்நிலை லீக்கில் ஆடிய ஒரே உஸ்பெக் கிளப்பும் இதுதான். மாஸ்கோவும் கீவும் ஆண்ட ஆட்டத்தில், பருத்தி வயலின் பெயரை மைதானத்தில் நிறுத்தியதே அந்த மக்களுக்குப் பெரிய விஷயம்.

மிகயில் ஆன்

1979-ன் பக்தாகோர் ஒரே ஊர்க்காரர்களின் அணி அல்ல. உஸ்பெக், தாதார், ரஷ்யர், கொரியர் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். நடுக்களத்தில் ஆட்டத்தைக் கட்டி ஆண்டவர் மிகயில் ஆன், கொரிய வம்சாவளி. 1937-ல் ஸ்டாலின் அரசு தூரக் கிழக்கில் வாழ்ந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கொரியர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவில் கொண்டுவந்து விட்டது. அந்த மக்கள் கூட்டுப் பண்ணைகளில் மண்ணைக் கொத்தி வேரூன்றினார்கள். அப்படி வேரூன்றிய சமூகத்தின் பிள்ளை, 1976-ல் 23 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியப் பட்டத்தை வென்ற சோவியத் அணியில் ஆடினார். முன்களத்தில் விளாதிமிர் ஃபியோதரோவ். கிளப் பிறந்த அதே 1956-ல் பிறந்தவர். மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சோவியத் அணியில் இருந்தவர்.

1979 ஆகஸ்டில் ஆனுக்குக் காயம். மின்ஸ்க் டைனமோவுடனான ஆட்டத்துக்கு அவர் போக வேண்டியதே இல்லை. தோழர்கள் வற்புறுத்தியதால்தான் கிளம்பினார் என்று தாஷ்கண்டில் இன்றும் சொல்கிறார்கள். பயிற்சியாளர் ஒலெக் பசிலெவிச் அணியோடு வரவில்லை. குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தவர், அங்கிருந்து நேராக மின்ஸ்க் போய்ச் சேர்வதாக ஏற்பாடு.

8,400 மீட்டர்

1979 ஆகஸ்ட் 11, பகல் ஒன்றரை மணி தாண்டிய நேரம். தாஷ்கண்டிலிருந்து டொனெட்ஸ்க் வழியாக மின்ஸ்க் போகும் டியு-134 விமானத்தில் 84 பேர். செல்யாபின்ஸ்கிலிருந்து வரோனிஷ் வழியாகக் கிஷினேவ் போகும் இன்னொரு டியு-134-ல் 94 பேர். இரண்டும் உக்ரைனில் தினிப்ரோசெர்ஷின்ஸ்க் நகரை நோக்கி, ஒரே உயரத்தில் வந்துகொண்டிருந்தன. கார்கிவ் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் கீழ் அன்று நெரிசல். பாதைகள் குறுக்கிடுவதைக் கடைசி நேரத்தில் கண்ட கட்டுப்பாட்டாளர், பக்தாகோர் வந்த விமானத்தை மேலே ஏறச் சொன்னார். ரேடியோவில் இரைச்சல். அதற்கு நடுவே அரைகுறையாக ஒரு பதில் கேட்டது. 'சரி, ஏறுகிறார்கள்' என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்தக் குரல் மூன்றாவதாகப் பறந்துகொண்டிருந்த ஓர் இல்-62 விமானத்தினுடையது. உத்தரவு போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டு விமானங்களும் மோதிக்கொண்டன.

178 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் 17 பேர் பக்தாகோர் அணியினர். கட்டுப்பாட்டாளர்கள் இருவருக்கு 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

விமான விபத்துகளை வெளியே சொல்லாமல் அமுக்குவதே அன்றைய சோவியத் வழக்கம். இதை அப்படி அமுக்க முடியவில்லை. மின்ஸ்க்கில் ஆட வேண்டிய அணி வரவில்லை என்றால் எங்கே என்று நாடே கேட்குமே! அந்த 17 பேரின் பெயர் தெரிந்திருந்ததால்தான் மற்ற 161 பேரின் சாவும் வெளியே வந்தது. அந்த 161 பேரும் யாரோ ஒருவருக்குத் தாயும் தகப்பனும் பிள்ளையுமாக இருந்தவர்கள். பக்தாகோரை நினைக்கும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்தே நினைக்க நாம் கடமைப்பட்டவர்கள்.

இரவல் அல்ல, உறவு

சீசன் பாதியில் நிற்கிறது. அணி இல்லை. கிளப்பைக் கலைத்திருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்தது வேறு. மற்ற கிளப்புகளிலிருந்து ஆட்டக்காரர்கள் தாஷ்கண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நேற்றுவரை எதிர்த்து ஆடியவர்கள் பருத்திச் சின்னம் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். எந்த இடத்தில் முடித்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு பக்தாகோரைக் கீழ் லீக்குக்கு இறக்குவதில்லை என்று முடிவானது. விபத்து நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 23-ம் தேதி யெரெவானில் அராரத் அணிக்கு எதிராக பக்தாகோர் களமிறங்கியது. 1-3 என்று தோற்றது. அன்று தோல்வி ஒரு பொருட்டே இல்லை. பக்தாகோர் என்ற பெயர் ஆட்டப் பட்டியலில் இருந்தது, அதுவே போதும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மாஸ்கோ டைனமோவின் ஆந்திரே யாகுபிக். 1982-ல் அவர் 23 கோல் அடித்து, லீக்கிலேயே அதிக கோல் போட்டவரானார். அந்த ஆண்டு பக்தாகோர் பிடித்தது ஆறாவது இடம். அதன் வரலாற்றிலேயே சிறந்த இடமான 1962-ன் நிலையை, இறந்துபோன அணி மூன்றே ஆண்டில் மறுபடி தொட்டுவிட்டது. கீழே இறக்க மாட்டோம் என்ற சலுகை கடைசியில் தேவைப்படவே இல்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரத்தை அடுத்தவர் கைகள் கட்டியதைச் சொன்னேனே, 1979-ல் அணிக்கும் அதே கைகள்தான் வந்தன. கை அவர்களுடையது, எழுந்து நின்றது தாஷ்கண்ட்.

சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992-ல் தொடங்கிய உஸ்பெக் லீக்கின் முதல் பட்டத்தை ஃபெர்கானா நெஃப்ட்சியோடு பகிர்ந்துகொண்ட பக்தாகோர், 2002 முதல் 2007 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றது. 2023 வரை மொத்தம் 16 பட்டங்கள். 2003-லும் 2004-லும் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி. 2025 ஜூனில் உஸ்பெகிஸ்தான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, அந்த அணியின் இளம் நட்சத்திரம் அப்போஸ்பெக் ஃபைசுல்லாயெவ் பக்தாகோரில் வளர்ந்த பையன்.

தாஷ்கண்டின் போட்கின் கல்லறைத் தோட்டத்தில் அந்த அணிக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. விமானங்கள் விழுந்த உக்ரைன் மண்ணில், குரிலிவ்கா கிராமத்துக்கு அருகே இன்னொன்று. ஒன்று சொந்த ஊரில், இன்னொன்று அவர்கள் ஒருநாளும் இறங்கியிராத ஊரில். இரண்டுக்கும் இடையே சுமார் 2,800 கிலோமீட்டர் தூரம். மிகயில் ஆன் ஆடிய சட்டையின் பருத்திக் காயை, அவர் முகத்தையே பார்த்திராத பிள்ளைகள் இன்று நெஞ்சில் சுமந்து ஓடுகிறார்கள்.

*(அடுத்த வாரம்: 1993, காபோன் கடலில் விழுந்த ஜாம்பியா அணி)*