மேடை விளக்கு குதித்துக் குதித்து அணைவது ஏன்?

நம் சங்க ஆண்டு விழாவில் மறைந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தியது அன்பர்களுக்கு நினைவிருக்கும். மேடை வெளிச்சம் ஒரு நிமிடத்தில் மெல்லக் குறைந்து இருட்டாக வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பாதிவரை நன்றாகத்தான் இறங்கியது. கடைசியில் டக், டக் என்று குதித்துப் பட்டென்று அணைந்தது. பின்வரிசையில் சிலர் சிரித்தே விட்டார்கள். முன்வரிசையில் மறைந்தவர்களின் குடும்பத்தார் அமர்ந்திருந்தார்கள். கரண்ட் கோளாறு என்றார் லைட் செட்காரர். வாடகையையும் குறைக்காமல் வாங்கிக்கொண்டார். விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். கரண்ட் மேல் பழி இல்லை.

மேடை எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் டி.எம்.எக்ஸ். 512 என்ற முறையில் இயங்குகின்றன. 1986-ல் அமெரிக்காவில் வகுத்த முறை இது. ஒரு கேபிளில் 512 சேனல்கள். ஒவ்வொரு சேனலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத்தான் சுமக்கும். ஆக, முழு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு 255 படிகள். ஒரு நிமிடத்தில் இறங்கினால் விநாடிக்கு நாலு படி.

மேல்படிகளில் இது தெரியாது. 200 கிராம் கடுகில் ஒரு கிராம் குறைந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? 2 கிராம் குங்குமப்பூவில் ஒரு கிராம் குறைந்தால் பாதி போயிற்று, வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கண்ணும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. 200-லிருந்து 199 தெரியாது. 2-லிருந்து 1 நன்றாகத் தெரியும். பழைய இழை பல்புகளில் கம்பி சூடு ஆறச் சற்று நேரம் பிடிப்பதால் படிகள் மழுங்கிவிடும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் கிடையாது, சொன்ன கணமே குறையும். பழைய பல்பில் கை பழகியவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

சரியான தீர்வு 16 பிட் விளக்கு. இதில் வெளிச்சத்துக்கு இரண்டு சேனல்கள்: ஒன்று ரூபாய், மற்றது சில்லறை. ஆனால் இங்கே ரூபாய்க்கு 256 காசு! மொத்தம் 65,536 நிலைகள். சேனல் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். வாடகைப் பாத்திரக் கடையோடு லைட் செட்டும் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள், புதிதாக வாங்கும்போது கையேட்டின் சேனல் பட்டியலில் டிம்மருக்கு 'ஃபைன்' என்று தனிச் சேனல் இருக்கிறதா என்று பார்க்கவும். விலையைக் கேட்பதற்கு முன்பே பார்க்கவும்.

இருக்கிற 8 பிட் விளக்கை வைத்தும் ஓரளவு சமாளிக்கலாம். பல விளக்குகளின் மெனுவில் டிம்மர் கர்வ், டிம்மர் ஸ்பீடு என்ற அமைப்புகள் உண்டு. மெதுவான ஸ்பீடை வைத்தால் படிக்கும் படிக்கும் இடையிலுள்ள பள்ளத்தை விளக்கே நிரப்பிக்கொள்ளும். கர்வையும் விளக்கில்தான் வைக்க வேண்டும். கண்ட்ரோலரில் வைத்தால் கேபிளில் போவது அதே 256 எண்கள்தான். கீழ்ப்படிகளில் அதிக நேரம் நின்று குதிப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். எட்டு விளக்கு இருந்தால் ஒன்றுக்கொன்று அரை விநாடி தள்ளி இறக்கச் சொல்லலாம். எல்லாம் ஒரே நேரத்தில் குதிக்காததால் மேடையில் உறுத்தாது.

சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாக இறக்கக் கூடாது. டிம்மர் சேனலை மட்டும் இறக்க வேண்டும். இல்லையேல் குறைவாக இருக்கும் நிறம் முதலில் செத்து, இளமஞ்சள் மேடை கடைசியில் செக்கச்செவேலென்று ஆகிவிடும். மௌன அஞ்சலிக்கு அது பொருந்துமா?

எல்லா விளக்கும் ஒழுங்கில்லாமல் மின்னினால் அது வேறு நோய். மைக் கேபிளைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த விழாவுக்கு முன்பணம் கொடுக்கும்முன், ஒரு நிமிடம் இறக்கிக் காட்டும்படி கேட்கப் போகிறோம். உறுப்பினர்கள் தங்கள் இல்ல விழாக்களுக்கும் அப்படியே கேட்கலாம். மண்டப விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்க்கவும். வெளிச்சத்தில் பார்த்தால் எல்லா விளக்கும் ஒழுங்காகத்தான் இறங்கும்.