உணவுப்பெயர் பாத்திரக் குறியாதல்

தொடர்நாடகத்தில் உணவு, கதைமாந்தர் உண்ணும் பொருளாக மட்டும் நில்லாது அவர்களைச் சுட்டும் குறியாகவும் அமைவதுண்டு. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடர் இதற்குத் தக்க சான்றாகும். முதற்பருவக் கதை 1983இல், இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்ததாகக் கற்பிக்கப்பட்ட ஹாக்கின்ஸ் என்னும் ஊரில் நிகழ்கிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிவரும் சிறுமி எலெவன் மிகச் சில சொற்களே பேசுவாள். அவளை ஒளித்துவைக்கும் மைக் ‘எக்கோ’ என்னும் வணிகப்பெயருடைய வாஃபிளை உண்ணத் தருகிறான். பின்னர் அவள் கடையொன்றில் அதனையே திருடுகிறாள். முதற்பருவ இறுதியில் அவள் மறைந்துவிட, காவல்தலைவர் ஹாப்பர் காட்டிலுள்ள பெட்டியொன்றில் வாஃபிளை வைத்துச் செல்கிறார். அவள் பெயர் சொல்லப்படுவதில்லை. எனினும் அவள் உயிருடனிருத்தல் கூடும் என்பது பார்ப்போர்க்கு விளங்குகிறது.

இதனை ஆகுபெயரோடு ஒப்பிடலாம். ஆயின் ஆகுபெயரில் இரு பொருள்களின் தொடர்பு வழக்கில் முன்னரே நிலைபெற்றது. இங்கோ அதனைக் கதையே மீளமீளக் காட்டி உருவாக்குகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் ‘எக்கோ’ என்றும் பிறிதோரிடத்தில் ‘அப்பம்’ என்றும் பெயர்ப்பாராயின், உணவு என்னும் பொருள் எஞ்சும், குறி அறுந்துவிடும். தேர்ந்த சொல்லை முதலிலிருந்து இறுதிவரை மாறாது ஆளுதல் வேண்டும்.