கரும்புகை வண்டியும் சென்சார் வண்டியும்

காற்று தாராளமாகப் போய் வந்தால் வண்டி டீசல் குறைவாகக் குடிக்கும் என்பது லாரித் தொழிலில் பழைய நம்பிக்கை. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். பெரிய ஃபில்டர் மாட்டினானாம், லிட்டருக்கு அரை கிலோமீட்டர் ஏறிச்சாம். சைலன்சருக்குள் இருந்த தகட்டை வெட்டி எடுத்தானாம், வண்டி பிச்சுக்கிட்டுப் போகுதாம். இது முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்தக் காலத்து வண்டியைப் பற்றிய பேச்சு என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

1980களில் ஓடிய டாடா 1210, லேலண்ட் காமெட் வண்டிகளில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சுகிற காற்றுதான் எஞ்சினுக்குக் கிடைக்கும் மொத்தக் காற்று. டீசலை அளந்து அனுப்புவது மைக்கோ பம்ப். டிரைவர் மிதித்த அளவுக்கு அது ஊற்றும். உள்ளே காற்று எவ்வளவு வந்தது என்று அதற்குத் தெரியாது. காற்று பாதியாகக் குறைந்திருந்தாலும் டீசல் குறையாது. எரியாமல் மிஞ்சியது கரும்புகையாக வெளியேறும். தொப்பூர் கணவாயில் லோடு வண்டிக்குப் பின்னால் போனவர்கள் அந்தப் புகையை மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவும் ஓனர் காசு கொடுத்து வாங்கிய டீசல்.

அன்றைய ஏர் கிளீனர் ஒரு எண்ணெய்ச் சட்டி. வெளிக்காற்று கீழே இறங்கி, சட்டியில் இருக்கும் எஞ்சின் ஆயிலின் மேல் மோதித் திரும்பி, கம்பி வலை வழியாக ஏறி எஞ்சினுக்குள் போகும். தூசி ஆயிலில் சிக்கிக்கொள்ளும். சில லோடு அடித்த பிறகு கிளிப்பைத் தட்டிக் கழற்றினால் அடியில் களிமண் மாதிரி கறுப்பாக உறைந்திருக்கும். அதை வழித்துப் போட்டு, சட்டியையும் வலையையும் டீசலில் அலசி, கோடு போட்டிருக்கும் அளவுக்குப் புது ஆயில் ஊற்றுவது கிளீனர் பையனின் வேலை. கோட்டுக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்துக் குடிக்கும். ஊற்றாமலே விட்டால் தூசி நேராக உள்ளே போய் சிலிண்டர் லைனரைத் தின்னும். அப்படி அடைத்துக் கிடந்த வண்டியில் அதைக் கழுவிய அன்றே மைலேஜ் ஏறியது என்றால் நம்பலாம். உண்மையாகவே ஏறும்.

சைலன்சர் கதையும் இப்படித்தான். வருஷக்கணக்கில் கரி படிந்து துவாரங்கள் அடைத்த சைலன்சரில் எரிந்த வாயு முழுதாக வெளியேறாது. சிலிண்டருக்குள் பழையது தங்கினால் புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. அதை உடைத்துத் திறந்தால் வண்டி இழுக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைலன்சருக்காகப் பட்டறைக்கு வந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் சைலன்சரோடு விட்டுவிட மாட்டார். கூடவே நாசில் கழுவுவார், டேப்பட் அட்ஜஸ்ட் செய்வார், பம்பைக் கழற்றி செட்டிங்குக்கு அனுப்புவார். மைலேஜ் ஏறியதும் பேர் வாங்கியது சைலன்சர் மட்டும். சத்தம் போடுகிற பாகத்துக்குத்தானே பேர் கிடைக்கும்!

பிறகு வண்டி மாறியது. 1993-ல் டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் உருவானது. டர்போ எஞ்சின்கள் பரவின. காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இன்டர்கூலர் வந்தது. புகை விதிகளும் இறுகின: 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் நேராக பி.எஸ்.6. பழைய பம்ப் போய், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் வந்தது. டிரைவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘சென்சார் வண்டி’.

சென்சார் வண்டியில் காற்றும் டீசலும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதில்லை. எவ்வளவு காற்று வருகிறது, அதன் அழுத்தம் என்ன, சூடு என்ன என்று இ.சி.எம். என்கிற கம்ப்யூட்டர் பெட்டி நொடிக்கு நொடி கணக்குப் பார்த்து அதற்கேற்ற டீசலைத்தான் விடுகிறது. சமதளத்தில் சீராக ஓடும் டீசல் எஞ்சினுக்குள் தேவைக்கு மேலேயே காற்று இருக்கிறது. எரிய வேண்டிய டீசல் எரிந்து முடிந்த பிறகும் காற்று மிஞ்சும். அங்கே இன்னும் கொஞ்சம் காற்றைக் கொண்டுபோய்க் கொட்டி என்ன ஆகப்போகிறது? கம்பெனி கொடுத்த நல்ல ஃபில்டரே போதுமான அளவுக்கு வழி விடுகிறது.

பெட்ரோல் வண்டிகளிலும் இதே மாற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் நூற்றுக்கு 2 முதல் 6 வரை மிச்சம். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் மைலேஜில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. பிக்கப் மட்டும் குறைந்தது. அடைத்ததை மாற்றியே இவ்வளவுதான் என்றால், நன்றாக இருப்பதைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்ததை மாட்டுவதில் என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் என்று ஒன்று விற்கிறது. அதிகக் காற்று விடும் என்பார்கள். தூசியையும் சேர்த்து விடக்கூடும் என்பதையும், அந்த எண்ணெய் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்தால் அளவு தப்பிவிடும் என்பதையும் சொல்ல மாட்டார்கள்.

புகைக்குழாய்ப் பக்கம் கதை இன்னும் சிக்கல். பி.எஸ்.6 லாரியில் சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு பெரிய பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப்., அதற்கடுத்து யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் பகுதி, முன்னும் பின்னும் சென்சார்கள். இதில் சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தடுப்பில்லாத ‘ஃப்ரீ பைப்’ போட இடமே இல்லை. யூரியா தீர்ந்தாலே போர்டில் லைட் எரிந்து, கொஞ்ச நேரத்தில் வண்டியின் இழுவை குறைந்துவிடும்.

ஆகவே இப்போது பைப்புக்குப் பதிலாக வேறொன்று விற்கிறார்கள். டி.பி.எஃப். பெட்டியைக் காலி செய்துவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற வேறு ‘மேப்’ ஏற்றுவது. இதில் மைலேஜ் கொஞ்சம் ஏறவும் செய்யலாம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பிடித்து வைத்த கரியை எரித்துத் தீர்க்க வண்டி அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழிக்கிறது. பெட்டியே இல்லாவிட்டால் அந்தச் செலவும் இல்லை. ஆனால் அப்படி மிச்சமான டீசலின் விலை ரோட்டோரக் கடைக்காரரின் நுரையீரலில் போய் விழுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது, வாரண்டியும் போச்சு. அமெரிக்காவில் பத்து வருஷத்துக்குள் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப் வண்டிகளில் இதுபோன்ற புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டிருப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணக்குச் சொன்னது. ஆசை எங்கும் ஒன்றுதான்.

ஆசைக்குக் காரணம் இல்லாமலில்லை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 2,500 லிட்டர் வேண்டும். மைலேஜ் 4.2 ஆனால் 119 லிட்டர் மிச்சம். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 11,000 ரூபாய். ஒரு பைப் இதைத் தரும் என்று சொன்னால் எந்த ஓனரும் காது கொடுப்பார். தகராறு என்னவென்றால், அந்த 0.2 வித்தியாசம் ஒன்றுமே செய்யாமலும் வந்து போகும். போகும்போது இரும்பு, வரும்போது வெங்காயம். எதிர்க்காற்று ஒரு நாள், மழை ஒரு நாள். பங்கில் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பினானா இல்லையா. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் விற்பனைவரிச் சோதனைச் சாவடிகள் போயின. எஞ்சினை அணைக்காமல் வரிசையில் கிடந்த நேரமும் மிச்சமானது. அந்த மாதம் புது ஃபில்டர் மாட்டிய ஒருவர் இன்றைக்கும் அந்த ஃபில்டரைத்தான் புகழ்ந்துகொண்டிருப்பார்.

இன்றைக்கு ஃபில்டரில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காகித ஃபில்டரை டயரில் தட்டி, கம்ப்ரஸர் காற்றில் ஊதி மறுபடி மாட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டிக் காலத்தின் மிச்சம் அது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் மணல் நேராக டர்போவின் இறக்கையில் போய் அடிக்கும். ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் சின்னக் குப்பியில் சிவப்புத் தெரிந்தால் புதிது மாற்ற வேண்டும்.

மற்றபடி டீசல் போகிற வழி எஞ்சினுக்கு வெளியேதான் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 80-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. டயரில் காற்றுக் குறைந்தால் ஒரு செலவு, தார்ப்பாய் தளர்ந்து படபடத்தால் இன்னொன்று. முன்பு இதையெல்லாம் கண்டுபிடிக்க ஓனருக்கு வழி இல்லை. இப்போது ஜி.பி.எஸ். மாட்டிய வண்டி எங்கே எத்தனை நிமிஷம் ஆஃப் செய்யாமல் நின்றது, எந்த வேகத்தில் போனது என்பது சங்ககிரியில் இருக்கும் அவர் கைபேசிக்கே வந்துவிடுகிறது. டிரைவர் படிக்கு மேல் மைலேஜுக்கென்று தனியாகக் காசு கொடுக்கும் ஓனர்களும் இருக்கிறார்கள். பைப்புக்குக் கொடுக்கும் காசைவிட அது சீக்கிரம் திரும்பி வரும்.