வீட்டுப் பூசண ஆய்வு

வீட்டுப் பூசண ஆய்வு என்பது குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் பூசணம் வளர்ந்துள்ளதா, வளர்ந்திருந்தால் எவ்வளவு பரவியுள்ளது, அதை வளர்க்கும் ஈரம் எங்கிருந்து வருகிறது ஆகியவற்றைக் கண்டறியும் பணியாகும். பேச்சு வழக்கில் பூஞ்சணம், பூஞ்சைக்காளான் என்றும் சொல்லப்படும் பூசணம், இழைகளாக வளர்ந்து வித்திகள் மூலம் பரவும் பூஞ்சைகளுக்குரிய பொதுப்பெயர். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாய்வு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. வீடு வாங்குவோர், வாடகைக்குக் குடியிருப்போர், வெள்ளத்தில் வீடு நனைந்தோர், காப்புறுதி நிறுவனத்தார் ஆகியோர் இதனை நாடுகின்றனர். இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு நடைமுறையையே விளக்குகிறது.

ஆய்வு, சோதனை ஆகிய இரு சொற்களும் விளம்பரங்களில் ஒன்றுபோலவே பயன்படுத்தப்பட்டாலும் அவை வெவ்வேறு பணிகளாகும். வீட்டைச் சுற்றிப் பார்த்து, கருவிகளின் துணையுடன் ஈரத்தைத் தேடுவது ஆய்வு. காற்றிலிருந்தோ சுவரிலிருந்தோ மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது சோதனை. முதலாவது ஏறத்தாழ எப்போதும் பயன் தருவது. இரண்டாவது சில வேளைகளில் மட்டுமே தேவைப்படுவது. கண்ணுக்குத் தெரியும் பூசணம் இருக்குமிடத்தில் மாதிரி எடுப்பது பெரும்பாலும் தேவையற்றது என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு.

பூசணம் வளரும் சூழல்

பூசண வித்திகள் எல்லா இடத்துக் காற்றிலும் உள்ளன. வித்தியே இல்லாத வீடு என ஒன்று கிடையாது. வித்தி முளைப்பதற்கு உணவு, ஏற்ற வெப்பநிலை, ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். மனிதர் வசதியாக வாழும் வெப்பநிலை பூசணத்துக்கும் ஏற்றதே. உணவுக்கும் குறைவில்லை: அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகைகளால் ஆனவை, அத்தாளின் செல்லுலோசு பூசணத்துக்கு நல்ல உணவு. ஆகவே மனிதர் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் வளர்வதில்லை.

ஈரம் என்றால் கூரை ஒழுகுதலும் குழாய்க் கசிவும் மட்டுமன்று. 21 பாகை செல்சியசு வெப்பநிலையும் 50 விழுக்காடு சார்பு ஈரப்பதமும் கொண்ட அறைக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 10 பாகை ஆகும். குளிர்காலத்தில் வெளிச்சுவரின் உட்பரப்போ சாளரச் சட்டமோ அதற்குக் கீழே குளிர்ந்தால் அங்கு நீர் அரும்பும். உண்மையில் நீர் அரும்பும்வரை பூசணம் காத்திருப்பதில்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டி அந்நிலையில் நீடித்தாலே பல இனங்கள் வளரத் தொடங்கும். மேற்சொன்ன அறையில் 13 அல்லது 14 பாகைக்குக் குளிர்ந்த பரப்பு அந்நிலையை அடைந்துவிடும். வெளிச்சுவரை ஒட்டி நெருக்கமாக வைக்கப்பட்ட அலமாரியின் பின்புறம் கருத்துப்போவதற்கு இதுவே காரணம்; அறையின் வெப்பக் காற்று அங்கே சென்று சேர்வதில்லை.

புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களில் இது தலைகீழாக நடக்கிறது. குளிர்சாதனத்தால் உட்சுவர் குளிர்ந்திருக்க, வெளிக்காற்றின் நீராவி சுவருக்குள் புகுந்து குளிர்ந்த பலகையைத் தொடுகிறது. உட்பரப்பில் வினைல் சுவர்த்தாள் ஒட்டப்பட்டிருந்தால் நீராவி மேற்கொண்டு வெளியேற வழியின்றி அத்தாளின் பின்னால் தங்கிவிடும். அறைக்குள் எதுவும் தெரியாது. தாளை உரிக்கும்போதுதான் பூசணம் வெளிப்படும்.

பழைய குறிப்பு

வீட்டுச் சுவரை ஆய்ந்து முடிவு கூறும் வழக்கம் பழமையானது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்த லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரத்தில், சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறைகள் தோன்றிய வீட்டைக் குரு ஒருவர் வந்து பார்க்கும் முறை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. வீடு 7 நாட்கள் பூட்டப்படும். மீண்டும் பார்க்கும்போது கறை பரவியிருந்தால் அக்கற்கள் அகற்றப்பட்டு, பூச்சு சுரண்டப்பட்டு, புதிதாகப் பூசப்படும். அதன் பின்னும் திரும்பி வந்தால் வீடே இடிக்கப்படும். அக்கறை பூசணமா வேறா என்று உறுதியாகக் கூற இயலாது. எனினும் ஒருமுறை பார்த்து முடிவு கட்டாமல், இடைவெளி விட்டுப் பரவலை ஒப்பிடும் முறை இன்றைய சில சோதனை அறிக்கைகளைவிடப் பொருளுள்ளது எனலாம்.

ஆய்வாளரின் பணி

நல்ல ஆய்வு கேள்விகளுடன் தொடங்கும். எப்போதாவது நீர் புகுந்ததா, எந்த அறையில் மண்ணின் வாடை அடிக்கிறது, எந்தப் பருவத்தில் அது மிகுகிறது, கூரை எப்போது மாற்றப்பட்டது என்பன கேட்கப்படும். பின்னர் வீட்டின் வெளிப்புறம் பார்க்கப்படும். மழைநீர் வடிகுழாய் அடித்தளத்தின் ஓரத்திலேயே நீரைக் கொட்டுகிறதா, நிலம் வீட்டை நோக்கிச் சரிந்துள்ளதா என்பவை நிலவறை ஈரத்துக்கு மிகப் பொதுவான காரணங்கள். உள்ளே தொட்டியடி அலமாரி, துணி துவைக்கும் பொறியின் பின்புறம், கழிவறைத் தரை, குளிர்சாதனப் பொறியின் நீர்வடி தட்டு, கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட பரண் ஆகியவை பார்க்கப்படும். குளியலறைக் காற்றுப்போக்கியின் குழாய் கூரைக்கு வெளியே செல்லாமல் பரணிலேயே முடிந்துவிடுவது வியப்பூட்டும் அளவுக்குப் பரவலான கட்டுமானப் பிழையாகும். குளிக்கும்போது எழும் நீராவி முழுவதும் அங்குள்ள குளிர்ந்த பலகைகளில் படிகிறது.

ஆய்வாளரின் முதன்மைக் கருவி ஈரமானி. ஊசிமுனை வகை, இரு ஊசிகளுக்கிடையே மின்தடையை அளந்து ஈரத்தைக் கணிக்கிறது. இதன் அளவுகோல் மரத்துக்கென அமைந்தது. மரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரம் கவலைக்குரியது. ஜிப்சம் பலகையில் அதே எண்ணுக்கு அதே பொருளில்லை. அங்கு உலர்ந்ததாக அறியப்பட்ட ஓரிடத்துடன் ஒப்பிட்டே பார்க்கவேண்டும். சுவருக்குள் உலோகமோ உப்போ இருந்தால் கருவி பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும்.

அகச்சிவப்புப் படக்கருவி ஈரத்தைப் பார்ப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது காட்டுவது பரப்பின் வெப்பநிலையை மட்டுமே. ஈரமான இடம் ஆவியாதலால் சற்றுக் குளிர்ந்து தெரியும். வெப்பக்காப்பு விடுபட்ட இடமும் அவ்வாறே தெரியும். எனவே படத்தில் கண்ட இடத்தை ஈரமானியால் உறுதி செய்யாத அறிக்கையை முழுமையானதாகக் கொள்ள இயலாது.

பூசணம் போலத் தோன்றும் எல்லாமே பூசணமும் அல்ல. நிலவறைச் சுவரில் வெண்மையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் கற்காரையிலிருந்து நீருடன் வெளிவந்த உப்பு. ஒரு சொட்டு நீரில் அது கரைந்துவிடும். ஆனால் அதுவும் சுவர் வழியாக நீர் ஊறுகிறது என்பதற்கான சான்றே.

மாதிரிச் சோதனை

ஒட்டுநாடாவைப் பரப்பில் அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது எளிய முறை. கறை பூசணமா, புகைக்கரியா என்ற ஐயத்தை இது தீர்க்கும். பரவலாக விற்கப்படுவது காற்று மாதிரி. சிறிய இறைப்பி ஒன்று நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்றை உறிஞ்சி, பசை பூசிய கண்ணாடித் துண்டின்மீது மோதச் செய்கிறது. 5 நிமிடங்கள் இயங்கினால் மொத்தம் 75 லிட்டர். ஓய்விலிருக்கும் ஒருவர் ஏறத்தாழ 10 நிமிடங்களில் மூச்சிழுக்கும் காற்று இவ்வளவே. ஆய்வக முடிவோ ஒரு கனமீட்டருக்கு, அதாவது 1000 லிட்டருக்கு எத்தனை வித்திகள் எனப் பெருக்கித் தரப்படுகிறது. ஆகவே கண்ணாடியில் ஒரேயொரு வித்தி காணப்பட்டாலும் அறிக்கையில் அது 13 எனப் பதிவாகும். கண்ணாடியின் கால்பகுதி மட்டுமே எண்ணப்பட்டிருந்தால் அதே ஒரு வித்தி 53 ஆகிவிடும். அறிக்கையைப் பெறும் வீட்டுக்காரர் 53 வித்திகள் கண்டுபிடிக்கப்பட்டதாகவே எண்ணுவார்.

எண்ணைவிட அதன் நிலையின்மை பெரிய சிக்கல். ஒருவர் கம்பளத்தின்மீது நடந்தாலோ கதவைத் திறந்தாலோ காற்றிலுள்ள வித்திகளின் தொகை மாறும். ஒப்பீட்டுக்காக வெளிக்காற்றிலும் ஒரு மாதிரி எடுப்பது வழக்கம். நிலத்தைப் பனி மூடிய நாளில் வெளியே வித்திகள் மிகக் குறைவு. அன்று எந்த வீடும் மோசமாகத் தெரியும். இலையுதிர் காலத்தில் வெளியே வித்திகள் மிகுந்திருக்கும். அன்று பழுதுள்ள வீடும் நன்றாகத் தெரியும். மேலும் அசுபர்சில்லசு, பெனிசிலியம் ஆகிய பேரினங்களின் வித்திகளை நுண்ணோக்கியில் பிரித்தறிய இயலாது என்பதால் அவை சேர்த்தே எண்ணப்படுகின்றன. ஈரப்பசையுடன் கொத்தாக வளரும் இசுடாக்கிபோட்ரிசு இனம் எளிதில் காற்றில் கலப்பதில்லை. சுவருக்குப் பின்னால் அது நிறைந்திருந்தும் காற்று மாதிரியில் தென்படாமல் போகலாம். கடைகளில் கிடைக்கும் திறந்து வைக்கும் வளர்ப்புத் தட்டுகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. எந்த வீட்டில் வைத்தாலும் அவற்றில் ஏதேனும் முளைக்கும்.

தூசியிலுள்ள மரபணுக்களைக் கொண்டு 36 பூஞ்சை இனங்களை அளந்து ஒரே குறியீட்டெண்ணாகத் தரும் முறை ஒன்றைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவியலாளர்கள் உருவாக்கினர். அது ஆராய்ச்சிக்குரிய கருவி மட்டுமே. வீடுகளை மதிப்பிடுவதற்கு முகமை அதனைப் பரிந்துரைக்கவில்லை. இருப்பினும் வணிக ஆய்வகங்கள் அதனைப் பொதுமக்களுக்கு விற்று வருகின்றன.

காற்றில் இத்தனை வித்திகள் வரை பாதுகாப்பானது என்ற வரம்பு எதையும் அமெரிக்க நடுவண் அரசு நிறுவவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2001இல் இயற்றிய சட்டம், அத்தகைய வரம்பை வகுக்க இயலுமா என ஆராயுமாறு பொதுநலத் துறையைப் பணித்தது. அறிவியல் அடிப்படையில் இயலாது என்பதே துறை வந்தடைந்த முடிவு. 2016 சனவரி 1 முதல் அம்மாநிலச் சட்டம் வேறு வழியைப் பின்பற்றுகிறது: கண்ணுக்குத் தெரியும் பூசண வளர்ச்சியே குடியிருப்பின் தரக்குறைவுக்கான அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. குளியலறைப் பரப்புகளில் இயல்பாகத் தோன்றும் சிறிதளவு பூசணத்துக்கு இதில் விலக்கு உண்டு.

உடல்நலமும் அச்சமும்

1993, 1994 ஆகிய ஆண்டுகளில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் குருதி கசிந்தது. அவர்களது வீடுகளில் வளர்ந்த இசுடாக்கிபோட்ரிசு இதற்குக் காரணமாக இருக்கலாம் எனத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் ஆய்வை மறுபரிசீலனை செய்து, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என 2000இல் அறிவித்தது. ஆயினும் நச்சுக் கருப்புப் பூசணம் என்ற சொல் அதற்குள் மக்களிடையே நிலைத்துவிட்டது. 2001இல் டெக்சாசு நடுவர் குழு ஒன்று, பூசணம் படிந்த வீடு தொடர்பான வழக்கில் காப்புறுதி நிறுவனம் ஏறத்தாழ 3.2 கோடி டாலர் வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது அச்சத்தை மேலும் வளர்த்தது. மேல்முறையீட்டில் அத்தொகை பெருமளவு குறைக்கப்பட்டது.

அச்சம் மிகையானது என்பதால் தீங்கு பொய் என்றாகாது. அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2004இலும், உலக சுகாதார நிறுவனம் 2009இலும் வெளியிட்ட அறிக்கைகள் ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளை இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுடன் தொடர்புபடுத்துகின்றன. இரண்டாவது அறிக்கை எண்ணளவிலான வரம்பு எதனையும் தரவில்லை. ஈரத்தைத் தடுக்கவும் நீக்கவும் வேண்டும் என்றே கூறுகிறது. நிறத்தைக் கொண்டு இனத்தை அறிய முடியாது. பாதிப்பில்லாத கருநிறப் பூசணங்களும் உண்டு, ஒவ்வாமை தரும் வெளிர்நிறப் பூசணங்களும் உண்டு. எந்த இனமாயினும் அகற்றும் முறை ஒன்றே என்பதால், இனப்பெயரை அறியப் பணம் செலவிடுவது பல குடும்பங்களுக்குப் பயனளிப்பதில்லை.

ஆய்வு தாமதமானால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகர நிகழ்வு சான்றாகும். அங்கு சமூகக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டிலிருந்த பூசணத்துக்கு நெடுங்காலம் ஆட்பட்டதால் ஏற்பட்ட மூச்சுறுப்பு நோயே காரணம் என 2022 நவம்பரில் இறப்பு விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பெற்றோர் முன்னரே முறையிட்டிருந்தனர். சுவர் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தபடியே இருந்தது. ஆய்வகச் சோதனை எதுவும் அங்கு தேவைப்பட்டிருக்கவில்லை. அக்குழந்தையின் பெயரால் அவாப் சட்டம் என அழைக்கப்படும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி குறிப்பிடத்தக்க ஈர, பூசணக் கேடுகளை வீட்டு உரிமையாளர் அமைப்பு 10 வேலை நாட்களுக்குள் ஆராயவேண்டும். அவசர நிலைக் கேடுகளுக்கு 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும்.

உரிமம்

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான உரிமம் இல்லை. டெக்சாசு 2003இல் சட்டம் இயற்றி, பூசண மதிப்பீட்டாளருக்கும் அகற்றுநருக்கும் தனித்தனி உரிமங்களை ஏற்படுத்தியது. 25 சதுர அடிக்குக் குறைவான தொடர்ச்சியான பரப்புக்கு அங்கு உரிமம் பெற்றோர் தேவையில்லை. நியூயார்க்கு மாநிலத்தில் 2016 முதல் உரிமம் கட்டாயம். இரு மாநிலங்களிலும் ஒரே பணியில் மதிப்பிடுபவரே அகற்றுபவராகவும் இருக்க முடியாது. பூசணத்தைக் கண்டுபிடிப்பதால் பயனடைபவரே அதனைத் தேடுபவராக இருக்கக்கூடாது என்பது இதன் நோக்கம். உரிமச் சட்டம் இல்லாத மாநிலங்களில் இலவச ஆய்வு என விளம்பரம் செய்யும் அகற்று நிறுவனங்களை வீட்டுக்காரர் இந்நோக்கில் பார்ப்பது நல்லது.

ஆய்வுக்குப் பின்

ஆய்வறிக்கை ஈரத்தின் மூலத்தையும், பாதித்த பரப்பின் அளவையும், அகற்றவேண்டிய பொருட்களையும் குறிப்பிடவேண்டும். பரப்பு 10 சதுர அடிக்கு உட்பட்டதானால் பெரும்பாலும் வீட்டுக்காரரே தூய்மை செய்யலாம் என்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கழிவுநீர் கலந்திருந்தால் இது பொருந்தாது. கடினப் பரப்பைச் சவர்க்கார நீரால் தேய்த்து உலர்த்துவது போதும். பிளீச் ஊற்றுவதை வழக்கமான முறையாக முகமை பரிந்துரைப்பதில்லை. இறந்த வித்திகளும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் கொல்வது போதாது, அகற்றவேண்டும். ஊறிப்போன ஜிப்சம் பலகையும் உட்கூரை ஓடும் வெட்டி எடுக்கப்படுகின்றன. பெரிய பணிகளில் அப்பகுதி நெகிழித் தாளால் அடைக்கப்பட்டு, வடிகட்டி பொருத்திய விசிறியால் உள்ளழுத்தம் குறைக்கப்படுகிறது. இல்லையெனில் வித்திகள் பிற அறைகளுக்கும் பரவும்.

பணி முடிந்தபின், புதிய பலகை பொருத்துவதற்கு முன்பாக மதிப்பீட்டாளர் மீண்டும் வந்து பார்ப்பார். மாதிரிச் சோதனைக்கு ஓரளவு நியாயமான இடம் இதுவே: அடைக்கப்பட்ட பகுதியின் காற்றை வீட்டின் பாதிக்கப்படாத அறையின் காற்றுடன் ஒப்பிட முடியும். ஆயினும் அப்போதும் முதலில் பார்க்கப்படுவது மரச்சட்டங்களின் ஈர அளவும், கசிந்த குழாய் சரிசெய்யப்பட்டதா என்பதுமே.